சதுர ஓட்டை போட்ட பேனர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. வழக்கமாக மெயின் ரோடு வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். அன்றைக்குத் தொடர் விடுமுறை என்பதால் ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நின்றிருந்தது. இதில் மாட்டினால் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று, தண்டவாளத்தை ஒட்டிய பின் சந்தில் திரும்பினேன். இரண்டு பக்கமும் காலி மனைகள்தான். ஆள் நடமாட்டம் அவ்வளவாக இருக்காது.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவருடைய நண்பர்கள் தெருமுனையில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதை நான் பார்க்கவே இல்லை. காரியம் முடிகிறவரை என்னை வாசல் தாண்ட விடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் "முனையில பேனர் பாத்தோம், அப்படியே உயிரோட சிரிச்சிக்கினு கீறாரு" என்று என்னிடமே சொல்லி அழுவார்கள். நான் வெளியே வந்தபோது கம்பத்தில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது அவருடைய ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். யாரோ கடன் கேட்டு வந்து நிற்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். அவர் சிரிக்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பேனருக்குப் படம் கொடுத்த நண்பரிடம் கேட்டேன். ஃபோன் மாற்றியதில் போய்விட்டது என்றார்.

சந்தில் பாதி தூரம் வந்திருப்பேன். ஒரு காலி மனையில் இரண்டு சவுக்குக் கம்புகள் நட்டு, நடுவில் எதையோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஒரு பழைய கொசுவலை தொங்கியது. வலைக்குப் பின்னால் அவர் இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் நின்றால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ ஏறக்குறைய அதே உயரத்தில் முகம். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓட்டை வழியாக ஒரு பந்து பாய்ந்து வந்து வலையில் விழுந்தது. அடுத்த பந்து ஓட்டைக்கு மேலே பட்டது. அவர் கன்னம் என் பக்கமாகப் புடைத்து அடங்கியது.

"ஆன்ட்டி, அங்க நிக்காதீங்க. பால் தெறிச்சு மேல பட்டுரும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நான் நகராமல் நிற்கவும் அவளே சுற்றிக்கொண்டு வந்தாள். உயரமான பெண். கையில் பெரிய தோல் கையுறை. பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள்.

"இந்த பேனர் எங்கம்மா கெடைச்சுது?" என்று கேட்டேன்.

"டீக்கடை அண்ணா குடுத்தாரு ஆன்ட்டி. மழைக்கு சிலிண்டர் மேல போட்டு வெச்சிருந்தாரு. நாங்கதான் கேட்டு வாங்கினோம்."

"இது யாருன்னு தெரியுமா?"

"தெரியல ஆன்ட்டி, யாரோ இறந்துட்டவரு. எங்க சைடு வெறும் வெள்ளையாதான் இருக்கும். இந்தப் பக்கம் நாங்க பாக்கறதே இல்ல."

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் கம்பில் இருந்த முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. பின்னால் நின்ற ஒருத்தி, "திங்கக்கிழம செலக்‌ஷன வெச்சுக்கினு..." என்று முணுமுணுத்தாள். "வாய மூடுடி" என்றாள் இவள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, முகத்த மட்டும் வெட்டி இப்பவே குடுத்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என்ன கேட்டோம் என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அவராக இருந்தாலும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவர்கள் ஆடுவது பேஸ்பால். எறிகிற பெண்ணுக்கு பிட்சர் என்று பெயராம். கிரிக்கெட் மாதிரி பந்தைத் தரையில் குத்தி எறியக் கூடாது. அடிக்க நிற்பவருடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரத்துக்குள் போட வேண்டும். அந்தச் சதுரத்தைத்தான் அளந்து வெட்டியிருக்கிறார்கள். இதற்கென்றே வலை வைத்த சட்டம் கடையில் விற்கிறதாம். கட்டுப்படியாகவில்லை. காலேஜ் மைதானத்தைப் பையன்களுடைய கிரிக்கெட் பிடித்துக்கொண்டதால் இங்கே வந்து எறிகிறார்களாம். திங்கட்கிழமை யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

நான் அவர்கள் நிற்கிற பக்கம் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். வெள்ளை பிளெக்ஸ், அதில் செம்மண் பந்துத் தடங்கள், நடுவில் ஓட்டை. அங்கிருந்து பார்த்தால் யாரும் இல்லை.

"இருக்கட்டும்மா, அவுக்காத. செலக்‌ஷன் முடிஞ்சதும் வீட்ல கொண்டாந்து குடு" என்று தெருவையும் வீட்டையும் அடையாளம் சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு" என்றேன். அவன் ஃபோனிலிருந்து தலை தூக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. இத்தனை நாள் தேடிய முகத்தைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, யாரோ ஒரு பெண்ணுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தனியாக வந்தாள். பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்திருந்தாள். ஷாம்பூ வாசனை வந்தது. கழுவியிருக்கிறாள். காபி கொடுத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஆகல ஆன்ட்டி."

"பரவால்ல விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"இதுதான் கடைசி வருஷம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க போனதுக்கப்புறம் போடவே வரல ஆன்ட்டி. வெள்ளைதான் தெரியுது, ஆனா பின்னாடி அவரு நிக்கறாருன்னு தெரியுதே. மேல போச்சுன்னா மூஞ்சில பட்டுருமேன்னு கை தானா இறங்கிடுது. எல்லாம் கால்கிட்டயே விழுந்துச்சு."

"வேற எதையாவது கட்டியிருக்கலாமே?"

"கட்டினோம் ஆன்ட்டி. சனிக்கிழமையே இத கழட்டி வெச்சுட்டு பெட்ஷீட் கட்டினோம். அதுக்குப் பின்னாடியும் அவரு நிக்கற மாதிரியே இருந்துச்சு. செலக்‌ஷன்லயும் அப்படியே ஆயிடுச்சு. நல்லாதான் ஆன்ட்டி போட்டுட்டு இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்கிள் சிரிப்பு நல்லா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஹாலில் பிளெக்ஸை விரித்தேன். சோபாவை நகர்த்த வேண்டியிருந்தது. வெயிலில் சட்டை வெளுத்துப்போய் என்ன நிறம் என்று தெரியவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஓட்டை வழியாகத் தரை டைல்ஸ் தெரிந்தது. வேலை முடிந்து வந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். மிதிக்காமல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் அழுதான், நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது அவருக்காக மட்டும் இல்லை.

இப்போது அது பீரோவுக்கு மேல் சுருட்டி வைத்தபடி இருக்கிறது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்த மனையிலும் வேலி போட்டுவிட்டார்கள். என் துக்கம் என்னோடு, யாருக்கும் அது பாரமில்லை என்றுதான் ஆறு மாதமும் நினைத்திருந்தேன். போகிற போக்கில் அதை ஒரு சின்னப் பெண்ணின் கையில் ஏற்றிவிட்டு, நல்லது செய்ததாக நினைத்துத் தூங்கியிருக்கிறேன். யார் என்று சொல்லாமல் பேசாமல் கடந்து போயிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லாமல் எப்படிப் போயிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.