தட்டினால் போகாத பெயர்

போன வாரம் பெரிய கடைவீதியில் ஒரு வெள்ளி டம்ளர் வாங்கினேன். எங்கள் வரைபட அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் பரிசு. பட்டியல் போட்டு வேலை செய்கிறவள் என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால் இந்த மாதிரிப் பொறுப்பெல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கலாம்.

கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர் டம்ளரை வாங்கி முழங்காலில் இடுக்கிக்கொண்டார். "என்ன பேரும்மா?"

"நீலன்."

"இதுவும் நீலனா?" என்று சிரித்தார். "இந்தப் பேரைக் கண்ணை மூடிக்கிட்டே வெட்டுவேன்மா. எங்கேருந்துதான் வந்துச்சோ, ஊரு பூரா நீலன்."

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நடைபாதையில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. உளி டிக் டிக் என்று வெள்ளியைக் கொத்தத் தொடங்கியது. கடைக்குள்ளிருந்து புளியும் பித்தளையும் கலந்த வாசனை வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாசனை மூக்கில் ஏறினால் என் கை தானாக முஷ்டியாகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நான் அமைதியான பெண் என்றுதான் வெளியே பேச்சு.

என் அக்காவின் பெயர் நீலா.

அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பரணில் அக்காவின் கல்யாணத்துக்காக அம்மா வாங்கிச் சேர்த்த பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அண்டா, தவலை, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, சொம்பு. கல்யாணம் நிச்சயமானபோது நான் வரைபடம் நகலெடுக்கும் டிரேசர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் பிசகாத எழுத்து என்று புதுப் பைத்தியம் பிடித்திருந்த காலம். வீட்டுச் சுவரில் பால் கணக்கைக்கூட அளவுகோல் வைத்து எழுதி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். பாத்திரங்களில் வெட்டுவதற்கு "நீலா" என்று டிரேசிங் தாளில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். வெட்டி வந்த அன்று அக்கா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் பேரு இவ்வளவு அழகாடீ?" என்றாள்.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம். அக்காவின் மாமனாருக்கு மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே ஒரு பாத்திரக்கடை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். அவரிடம் ஒரு தொழில் பழக்கம் உண்டு. பெயர் வெட்டிய பாத்திரம் எது கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தாலி கட்டி முடிந்து, சீர் வரிசையைப் பார்வையிடும்போது குடத்தை எடுத்து அப்படித்தான் படித்தார். "நீலா." பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சம்பந்தி, எங்க அம்மா பேரு நீலம்மா. அந்தப் பேரைச் சொல்லி 'பாத்திரத்தைத் தேய்'னு நான் எப்படிச் சொல்றது? இனிமே பொண்ணு பேரு ரங்கநாயகி. கோயில் தாயார் பேரு. நல்ல பேரு."

கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தபோது உறுத்தாத பெயர் தாலி ஏறியதும் உறுத்தியது. மருமகளின் பெயரை இப்படி மாற்றுவது அப்போது பல வீடுகளில் வழக்கம்தான். அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அப்பா தயங்கினார்.

"பாத்திரத்துல எல்லாம் வெட்டியாச்சுங்களே..."

"பேர்தானே சம்பந்தி! தட்டினா போயிடும்."

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பெண்ணைக் கொடுத்தவர் வேறென்ன செய்வார்? மனசுக்குள் நான் ஒரு பட்டியல் தொடங்கினேன். முதல் வரி, அந்தச் சிரிப்பு.

சொன்னபடியே தட்டினார்கள். மறுமாதம் அக்காவைப் பார்க்கப் போனபோது கடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. குடத்துக்குள் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டி, அரத்தால் ராவி, புளி போட்டுத் துலக்கினார்கள். என் எழுத்து இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் நின்றது. சாயங்கால வெயிலில் அந்தப் பள்ளம் பளபளத்தது.

பாத்திரத்தில் போனது அக்காவிடமிருந்து அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. அவளுக்குக் கோபமோ பிடிவாதமோ கிடையாது. "ரங்கநாயகி" என்று யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள். இரண்டாவது குரலுக்கும் அப்படித்தான். மூன்றாவது குரலில்தான் திடுக்கிட்டுத் திரும்புவாள்.

"காது மந்தமா, இல்லை திமிரா?" என்பார் மாமா. "பொன்மலையில ரயில் சத்தத்துலயே வளர்ந்த பொண்ணு, மனுஷக் குரல் கேக்காது போல."

அத்தானுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர் "இந்தா" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார். நல்ல மனிதர், நல்ல மனிதர்களால் பெரும்பாலும் எந்த உபயோகமும் இருப்பதில்லை.

பிரசவத்துக்கு அக்கா பொன்மலைக்கு வந்தபோது எங்கள் அம்மாவே ரங்கநாயகி என்று கூப்பிடப் பழகியிருந்தாள். "இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னா அவளுக்குத்தான்டீ குழப்பம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். பட்டியலில் இன்னொரு வரி. பையன் பிறந்தான். ரங்கராஜன் என்று மாமா முன்கூட்டியே தீர்மானித்திருந்தார். அக்காலத்து ஸ்ரீரங்கத்தில் அது ஒன்றும் பெரிய யோசனை இல்லை. எந்த வகுப்பிலும் வருகைப்பதிவு எடுக்கும் வாத்தியார் பெரிய ரங்கராஜன், சின்ன ரங்கராஜன், கண்ணாடி ரங்கராஜன் என்றுதான் கூப்பிட்டாக வேண்டும்.

"நீ என்ன பேரு வைப்பே?" என்று அக்காவைக் கேட்டேன்.

குழந்தையின் கையைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தாள். "என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு ரொம்ப நாளாச்சுடீ" என்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை அது. எனக்கு அது போதும்.

நான் டிராயிங் போடாமல் ஒரு ஆணிகூட அடிக்காதவள். பழி வாங்குவதற்கும் முதலில் தெரிந்த விவரங்களை வரிசைப்படுத்தினேன். மாமா கைக்கு வந்ததை உரக்கப் படிப்பார். ஒரு நாள் கடையில் யாரோ பழைய வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்து, அதிலுள்ள குழந்தை பெயரை எடுத்துவிட்டுத் தன் பிள்ளை பெயரை வெட்டக் கேட்டபோது மாமா கொதித்தது எனக்கு நினைவிருந்தது. "குழந்தை பேரைத் தட்டக் கூடாதுய்யா! அந்தப் பிள்ளைக்கு ஆகாது. வேணும்னா உருக்கிட்டுப் புதுசு பண்ணிக்க." அதாவது, கல்யாணமான பெண்ணின் பெயரைத் தட்டலாம், பிள்ளையின் பெயரைத் தட்டக் கூடாது. அது அவர் சட்டம். நான் எழுதவில்லை.

பேர் வைக்கும் நாளுக்குத் தாய்வீட்டுச் சீராக ஒரு வெள்ளி டம்ளர் போக வேண்டும். கடைவீதியில் இருப்பதிலேயே மெல்லிய தகடாகப் பார்த்து எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். வெட்டுகிறவர் பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல ஆழமாப் போனா ஓட்டையாயிடும்மா" என்றார்.

"ஓட்டையாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்துங்க" என்றேன்.

ஸ்ரீரங்கம் வீட்டில் கூடம் நிறைய ஜனம். எங்கள் தாம்பாளத்தை மாமா வாங்கினார். பழத்தை ஒதுக்கினார், டம்ளரை எடுத்தார், வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் காத்திருந்ததில்லை.

"நீலன்" என்று படித்தார்.

படித்த வாய் மூடவில்லை. அதற்குள் அவருடைய தமக்கை, காது கொஞ்சம் மந்தமான, குரல் மந்தமில்லாத ஒரு கிழவி, எழுந்தே விட்டாள்.

"என்ன சொன்னே தம்பி? நீலனா? நம்ம அம்மா பேரா! அடப்பாவி, எனக்கே தோணலியே! சம்பந்தி வீட்டு ஜனங்களுக்குத் தோணியிருக்கு பாரு, மரியாதை தெரிஞ்சவங்க!" அழுதுகொண்டே போய்க் குழந்தையின் காதில் மூன்று தரம் அந்தப் பெயரைச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைத்தாள். "ரங்கராஜன்..." என்று மாமா ஆரம்பித்தது அவள் காதில் விழவில்லை. மந்தம் இல்லாதிருந்தாலும் விழுந்திருக்காது.

பந்தி நடக்கும்போது மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். "எழுத்து உன்னுது மாதிரி இருக்கே பாப்பா."

"ஆமா மாமா. டிராயிங் எழுத்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பேர்தானே மாமா. பிடிக்கலைன்னா தட்டிப் பாருங்க."

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டின் கனமும் வெட்டின் ஆழமும் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைத்துவிட்டுப் போனார். அன்று நான் இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் அன்றைக்குக் கிடைத்தது பாதிதான். மீதியை ஊர் கொடுத்தது. நம் வீதிகளில் பிள்ளை பெற்றவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? ஒரு மாதத்துக்குள் அக்கம்பக்கத்தில் அவள் நீலன் அம்மா ஆகிவிட்டாள். மாமா மட்டும் "பிள்ளையோட அம்மா", "இங்க யாரு" என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் பால்காரர் வாசலில் நிற்க, அடுப்பில் ஏதோ தீய, பிள்ளை அழ, அவசரத்தில் அவர் வாயிலும் வந்துவிட்டது. "நீலன் அம்மா! பால்!"

"முதல் குரல்லயே திரும்பிட்டேன்டீ" என்று அக்கா அடுத்த வாரம் என்னிடம் சொன்னாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பஸ் வந்துவிட்டது.

மாமா வியாபாரி. அழிக்க முடியாத சரக்கை விற்கத்தான் பார்ப்பார். பேரன் தவழும்போது கடைப் பலகை "நீலன் பாத்திரக்கடை" ஆனது. விற்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அந்தப் பெயரை அச்சடித்தார். அதாவது, திருச்சியில் பாதி வீட்டுப் பெண்கள் தினமும் கொல்லையில் குந்தி, பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அந்தப் பெயரைத்தான் தேய்த்தார்கள். பிள்ளை பிறந்து பெயருக்கு யோசிக்கும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த பெயர் வாயில் வராமல் இருக்குமா?

இப்போது ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஆழ்வார் ஒருவர் ஆழ்வார் ஆவதற்கு முன்னால் வைத்திருந்த பெயராம். ஸ்ரீரங்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள். பொன்மலைப் பட்டறையில் கேட்டால் சாமி பெயர் வேண்டாம் என்கிற இளைஞர்கள் கண்டெடுத்த புதுத் தமிழ்ப் பெயராம். என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்கப் பெண்ணின் தம்பிக்கு, மாதாவின் மேலங்கி நிறம் என்று வைத்தார்களாம். எதிர் மேஜைக்காரரோ ஏதோ தொடர்கதை நாயகன் என்கிறார். எந்தப் பத்திரிகை என்று கேட்டால் விழிக்கிறார். நான் யாரையும் திருத்தவில்லை. இந்தப் பட்டியல் நீள நீள எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

போன வாரம் டம்ளரில் பெயர் வெட்டி முடிந்ததும் அங்கிருந்து நேராக ஸ்ரீரங்கம் போனேன். வீடு முன்போல் இல்லை. வீட்டுக்கு வீடு எவர்சில்வர் வந்த பிறகு அக்கா தன் சீர்ப் பித்தளையை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாள். பள்ளம் விழுந்த அந்தக் குடத்தைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. "பள்ளத்தை வச்சுக்கிட்டு என்னடீ பண்றது?" என்றாள். அந்தத் தமக்கைக் கிழவி இல்லை. என் அம்மாவும் இல்லை. அக்காவை நீலா என்று நினைக்க இப்போது நான் ஒருத்திதான். மாமா கடையை அத்தானிடம் விட்டுவிட்டு வாசலுக்கு நேரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. வளையல்கார பாய். அக்காவின் வளைகாப்புக்கு வளையல் அடுக்கியவர். அதற்கப்புறம் பினாங்குக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருக்கிறார். தாடி வெளுத்துவிட்டது.

"ரங்கநாயகி அம்மா இருக்காங்களா? வளைகாப்புக்கு நான்தாங்க வளையல் போட்டேன்."

மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படி யாரும் இங்க இல்லையே பாய். வீதி மாறி வந்துட்டீங்க போல."

"மன்னிச்சுக்குங்க, ரொம்ப வருஷம் ஆச்சு" என்று பாய் பெட்டியைத் தூக்கினார்.

அக்கா காபியை வைத்துவிட்டு எழுந்தாள். "பாய், வாங்க. இதே வீடுதான்."

"ரங்கநாயகி அம்மா...?"

"அவங்க இல்லை பாய். போயி ரொம்ப நாளாச்சு."

"அடடா." பாய் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். "நல்ல பொண்ணும்மா. கூப்பிட்டா மட்டும் சட்டுனு திரும்பாது. ஆனா நல்ல பொண்ணு."

"எனக்குப் போடுங்க" என்று அக்கா கையை நீட்டினாள்.

பேப்பர் மெல்லத் தாழ்ந்தது. மாமா அக்காவைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "நீலன் அம்மா..." என்று தொடங்கினார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் வேறு பெயர் இல்லை.

அவர் வைத்த பெயரை யாரும் தட்டவில்லை. அதுவாகவே போயிருந்தது.