முதுகுப் படங்கள்

படத்தின் வலது மூலையில் உள்ள ஆரஞ்சு எண்கள் 15:40 என்று முடிகின்றன. தேதி விழ வேண்டிய இடம் அது. அதற்கு முந்தின வாரம் என் மகன் கேமராவின் பின்பக்கப் பொத்தான்களை அமுக்கி விளையாடியதில் வருடமும் மாதமும் காணாமல் போய், நாளும் மணியும் நிமிடமும் விழ ஆரம்பித்திருந்தன. சரிசெய்யத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் மஞ்சள் கவுனில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், எனக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். அந்தச் சுருளில் அதுதான் கடைசிப் படம்.

அவளுக்கு அப்போது நாலரை வயது. மகனுக்கு ஒன்பது. பழனிசெட்டிபட்டியில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் எல்லா வீட்டிலும் படம் எடுப்பார்கள். எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேண்டும். ஈரக்கால் தடம் சிமெண்ட் தரையில் காய்வதற்குள் அது வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கோடு போட்டுப் பிரித்த மிச்சச் சோறு வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். கையில் இருக்கும்போதே போய்விடுமோ என்று நினைப்பேன். பிள்ளைகள் வளர வளர அந்தப் பயமும் வளர்ந்தது. கேமராவைக் கண்ணில் வைத்திருக்கும் நேரம் மட்டும் அது அடங்கியிருக்கும்.

ஆனால் மகளின் முகத்தை நான் எடுத்ததில்லை.

என் கணவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். குலசாமி கோயிலில் முதல் முடி இறக்கிக் காது குத்தும் வரை பிள்ளையின் முகத்தைப் படம் பிடிக்க மாட்டார்கள். மகனுக்கு ஒரு வயதிலேயே முடி இறக்கிவிட்டோம். அவன் முகம் ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது. மகள் பிறந்த வருடத்தில் பங்காளிகளுக்குள் சண்டை வந்துவிட்டது. சாமிப் பெட்டி யார் வீட்டில் இருப்பது என்பதுதான் தகராறு. கடமலைக்குண்டுக்கு அப்பால் உள்ள அந்தச் சின்னக் கோயிலுக்கு இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். பூட்டுத் திறக்கட்டும் என்று காத்திருந்ததில் மகளின் பிறந்த முடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது.

நான் மீறியிருக்கலாம். ஆனால் இந்த வழக்கத்தை வீட்டில் காவல் காத்தவர் என் கணவரின் அக்கா. கம்பத்தில் வாக்கப்பட்டவர். அவருக்கு முதலில் பிறந்த பையனை முடி இறக்கும் முன்பே ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் படம் இன்னும் அவருடைய பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. படத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை என் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே முதுகை எடுத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை பார்க்கும் முதுகு. தலை துவட்டியபின் வெயிலில் விரித்துப் போட்ட முடி. உச்சியில் இரட்டைச் சுழி. தூங்கும்போது கழுத்தில் தெரியும் கடுகளவு மச்சம். மாவில் அழுந்திய கை, செருப்பை மாற்றிப் போட்ட கால்கள். படம் கழுவும் தேனி ஸ்டூடியோக்காரர் ஒரு தரம் பிரிண்டுகளை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“என்ன டீச்சர், பாப்பாவுக்கு ஒங்க மேல ரொம்ப நாளாக் கோவமோ? ஒரு படத்துலயாச்சும் திரும்பிப் பாக்குதான்னு நானும் பாக்குறேன்.”

முதுகை எடுப்பதும் லேசில்லை. பிள்ளை என்றால் திரும்பத்தான் செய்யும். அதற்காக ஒரு விளையாட்டு வைத்தேன். அம்மா ‘திரும்பு’ என்று சொல்லும் வரை திரும்பக் கூடாது. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அம்மாவே பெயர் சொன்னாலும் கூடாது. ஜெயித்தால் ஒரு கடலைமிட்டாய். மகன் எப்படியாவது அவளைத் தோற்கடிக்கப் பார்ப்பான்.

“ஏய், ஒம் பின்னால ஓணான்டி.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“ஓணான் ஒம் மிட்டாயத் தின்னுருச்சு.”

“அது ஒன் மிட்டாய்.”

தோள் குலுங்கச் சிரிப்பாள், திரும்ப மாட்டாள். சில படங்களில் அவள் தோள்கள் மட்டும் கலங்கித் தெரிவதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பத்துக்குத் தெற்கே நாத்தனாரின் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஆடிக் காற்று. கல் தூண்களின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல், பெரியவர்கள் குனிந்து போகிற உயரம். மகளுக்கு மட்டும் அது சரியான உயரம். நிமிர்ந்து நடந்தாள். மருந்து தெளித்த இலைகளில் நீலப் புள்ளிகள். மேலே காற்று அலை அலையாகப் போக, கீழே வெயில் காசு காசாக இடம் மாறிக்கொண்டே இருந்தது. மஞ்சள் கவுன் ஒரு அடிக்கு ஒளிரும், அடுத்த அடிக்கு அணையும். தண்ணீருக்கு அடியில் ஒரு பிள்ளை நடப்பதைப் போல இருந்தது. இந்த நினைப்பு அப்போது எனக்கு அழகாகப்பட்டது.

“நேரா நட, பாப்பா. அம்மா சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது.”

“பேரச் சொன்னாலும்?”

“பேரச் சொன்னாலும்.”

எடுத்தேன். சுருள் முடிந்தது. கேமரா தானாகப் படச்சுருளைப் பின்னுக்குச் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கிர்ரென்ற சத்தம் அரை நிமிடம் கேட்கும். புதுச் சுருள் மாட்ட நிழல் வேண்டும் என்று மோட்டார் ரூம் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். சுருளின் நுனி பிடிக்கவில்லை. மூடி, திறந்து, மறுபடி இழுத்து வைத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாகவும் இருக்கலாம். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேதான் பந்தலுக்குத் திரும்பினேன். சிறு கண்ணாடிக்குள் தூண்கள் வரிசையாக நின்றன. வெயில் காசுகள் அசைந்தன. மஞ்சள் இல்லை.

அப்போதும் நான் உடனே பயப்படவில்லை. கேமராவை இறக்கினால் தெரிந்துவிடுவாள் என்று நினைத்தேன். இறக்கினேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காற்று என் குரலை மடித்து எங்கோ கொண்டு போனது. என் கணவர் ஓடி வந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் இடுப்பை மடித்துக் குனிந்து வரிசை வரிசையாக அவள் பெயரைக் கூவிக்கொண்டு போனார்கள். எந்த வரிசையைப் பார்த்தாலும் பார்த்த வரிசை போலவே இருந்தது. பந்தலின் கடைசியில் வேலி, வேலியில் ஆள் நுழையும் சந்து, சந்தைத் தாண்டினால் வாய்க்கால். அணையில் தண்ணீர் திறந்து கரை தொட ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவர் செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டு, எங்கேயோ விருந்துக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகத் தண்ணீரில் இறங்கினார். கால்களால் அடித்தரையைத் துழாவிக்கொண்டே நடந்தார். மற்றவர்கள் தண்ணீர் ஓடும் திசையிலேயே இரு கரையிலும் போனார்கள். எதற்காக அந்தத் திசை என்று எனக்குப் புரிந்தது. நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரோ வண்டியில் போய் ஏட்டைக் கூட்டி வந்தார்கள். வயதானவர், குரலை உயர்த்தாதவர்.

“போட்டோ வச்சிருக்கியாம்மா? கையில இருந்தா நாலு எடத்துல காட்டலாம்.”

என் கைப்பையில் எப்போதும் ஒரு சிறு ஆல்பம் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். புரட்டினார்.

“இது யாரு?”

“பாப்பா.”

“இது?”

“அதுவும் பாப்பாதான்.”

இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார்.

“ஏம்மா, மூஞ்சி ஒண்ணுலயும் இல்லையே. முதுக வச்சுக்கிட்டு நான் யாரத் தேட? ஊருல இருக்க பிள்ளைக எல்லாத்துக்கும் முதுகு இருக்கு.”

வேறொரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு, “சரி, மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியும். மச்சம் எத்தனை விரற்கடை கீழே என்று சொல்ல முடியும். தினமும் ஊட்டிவிட்ட முகம், “சின்ன மூக்கு” என்பதற்கு மேல் வரவில்லை. “சின்ன மூக்கு” என்றே மறுபடியும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் நாட்களில் எல்லாம் எனக்கு நடுக்கம் வருவது வாய்க்காலை நினைத்தல்ல. அவர் நோட்டில் அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்துத்தான்.

நாத்தனார் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“நாந்தான் வேண்டாம்னேன். போன பிள்ளைக்கு ஒரு போட்டோ வச்சிருக்கேன். இருக்க பிள்ளைக்கு இல்லாமப் பண்ணிட்டேனே.”

“அப்படி இல்ல மதினி,” என்றேன். ‘இருக்க பிள்ளை’ என்று அவர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மகன் அதுவரை அழாமல் என் முந்தானையைப் பிடித்தபடி நின்றிருந்தான். இரண்டு முறை இழுத்தான்.

“அம்மா, எல்லாரும் பேரச் சொல்லியே கூப்புடுறாக.”

“ஆமாடா.”

“பேரச் சொன்னா அவ திரும்ப மாட்டா. நீதான சொன்ன.”

மூன்று நாற்பதிலிருந்து நாங்கள் முப்பது பேர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூப்பிடக் கூப்பிட அவள் ஜெயித்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் மட்டும் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நான் சொல்லவே இல்லை.

பந்தலுக்குள் ஓடினேன். குனிந்தபடி ஓட முடியாது. நிமிர்ந்தால் கம்பி தலையில் இடித்தது. “திரும்பு” என்று கத்தினேன். “திரும்பு பாப்பா, திரும்பு.” வேலிச் சந்தில் நின்று கத்தினேன். வாய்க்காலைப் பார்த்துக் கத்தினேன். தண்ணீரில் நின்றிருந்த என் கணவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நின்றுவிட்டார். வெயில் சாய்ந்து இலைகளின் அடிப்பக்கம் மஞ்சளானது. எங்கே பார்த்தாலும் அவள் கவுன் மாதிரியே இருந்தது. ஒவ்வொரு மஞ்சளிடமும் சொன்னேன். தொண்டை கட்டிய பிறகும் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஐந்தேகாலுக்கு வண்டிப் பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. கேரளத்து மலையில் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டுக் கீழே திரும்பும் பெண்களின் ஜீப். பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் இறங்கினார். தலையில் துண்டு, இடுப்பில் ஈரச்சாக்கு, ஏலக்காய் வாசம். அவர் தோளில் சாய்ந்தபடி ஒரு பிள்ளை. அவர் எங்களை நோக்கி வந்ததால் பிள்ளையின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சள் கவுன். இடுப்பு வரை முடி. இரட்டைச் சுழி.

“ஒங்க பிள்ளையா ஆத்தா?” என்று அந்தப் பெண் கேட்டார். “வாய்க்காக் கரையில, தண்ணி வர்ற பக்கமா நேரா நடந்து போய்க்கிட்டு இருந்துச்சு. ரோட்டுல ஏற இன்னும் பத்தடிதான். ஜீப்ப நிப்பாட்டி நான் எறங்கிட்டேன். எங்கன இருந்து வர்றன்னு கேட்டா, கையப் பின்னால நீட்டுது. தலையத் திருப்ப மாட்டேங்குது. அது நீட்டுன பக்கமாவே வந்தோம். கழுத்துல ஏதும் சுளுக்கா, பாருங்க.”

நான் பேச வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் போய் அவள் முதுகில் கை வைத்தேன். என் கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்தபடியே, தோற்றுவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, மெல்லக் கேட்டாள்.

“இப்பத் திரும்பவாம்மா?”