ஏழு சிரட்டைகள்

ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கக் கம்பஸ் கிடைத்தபோது எங்கள் வீட்டில் இரண்டு பேர் அழுதோம். உம்மா சந்தோஷத்தில், நான் பயத்தில். போர் முடிந்து சில வருடங்களாகியிருந்தன, எனக்கு ஒன்பது வயது. அவள் போய்விட்டால் புத்தளம் களப்பில் நண்டு பிடிக்க என்னை யார் கூட்டிப்போவது?

நல்ல வேளையாக ராத்தாவுக்கே சந்தேகம் இருந்தது. கேள்வியை வாசித்து முடிக்குமுன் விடை சொல்லும் பிள்ளைகள் அவள் வகுப்பில் இருந்தார்கள். இவளோ ஆமை. "எனக்கு இது சரிவருமா எண்டே விளங்கல்ல வாப்பா" என்றாள். மீன் வாடிக் கொட்டிலில் ஐஸ் உடைத்துவிட்டு வந்திருந்த வாப்பா, "அத நீதான் மகள் சொல்லணும்" என்று சாய்ந்து படுத்துக்கொண்டார்.

அவளுடைய டீச்சர் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். அதிலிருந்த ஒரு கணக்குக்காக ராத்தா முற்றத்தில் ஏழு சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டைப் புரட்ட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்படியே ஏழையும் நிமிர்த்த முடியுமா? எப்படிப் புரட்டினாலும் ஒன்றாவது கவிழ்ந்தே கிடந்தது. சோறு ஆறியது. கல்யாண வயதுக் குமர்ப்பிள்ளை சிரட்டையோடு குந்தியிருப்பதைப் பார்த்து, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று உம்மா பதறிப்போய் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். ராத்தா அதையும் குடித்துவிட்டு மறுபடி புரட்டினாள்.

இதுதான் சமயமென்று நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஏலாது ராத்தா. விடுங்க."

"ஏலாது எண்டு எனக்கும் தெரியுது. ஏன் ஏலாது?"

"ஏலாது எண்டா ஏலாதுதான். அதுக்கு ஏன் எண்டு இருக்கா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற ஆக்கள் எண்டா எப்பவோ எழும்பிப் போயிருப்பாங்க. உங்களுக்குப் பசிக்கிறதும் இல்ல. கணக்குப் பிழைச்சாலும் சிரிக்கிறீங்க. உங்களுக்கு என்னத்துக்கு கம்பஸ்?"

அவள் கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஓம் தங்கச்சி, நீ சொல்றது சரி."

வென்றுவிட்டேன் என்று உம்மாவிடம் ஓடினேன், ராத்தா போகமாட்டாளாம் என்று சொல்ல. அடுத்த கிழமை அவள் பஸ் ஏறியபோது, சொன்ன வாக்கை மீறிவிட்டாள் என்று அழுதேன். தனக்கு இது சரிவருமா என்று அவள் கேட்டுத் திரிந்ததற்கு, எழும்பாமல் குந்தியிருக்கிறாள் என்று திட்டியே அந்த வீட்டில் பதில் சொன்னவள் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.