கதவு வெட்டாத வீடு

திர்சா விட்கமின் வீட்டுக்குள் குனிந்துதான் போக வேண்டும். நிமிர்ந்து நுழைந்து நெற்றியில் இடித்துக்கொள்ளாத ஆள் எங்கள் வாத்து ஓடைக் கரையில் யாருமில்லை. மரவீடு கட்டத் தெரியாதவர்கள் கட்டியது என்று புதிதாக இண்டியானாவுக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். கட்டியவர்கள் கட்டத் தெரிந்தவர்கள்தான். கதவு வெட்டுவதற்கு முன்னால் போய்விட்டார்கள்.

அவளும் புருஷன் லெமுவேலும் வெர்மான்ட்டிலிருந்து வந்தவர்கள். அப்பன் விட்டுப்போன நிலத்தை லெமுவேல் அங்கே குடித்தே தீர்த்தான். மேற்கே போனால் சாராயக் கடை கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் திர்சா வண்டியில் ஏறினாள். கடை இல்லைதான். ஆனால் ஓடைக்கு ஓடை ஒருவன் காய்ச்சினான். விளைந்த மக்காச்சோளத்தைக் காட்டுப் பாதையில் மூட்டையாக இழுத்துப் போவதைவிடச் சாராயமாக்கி ஜாடியில் எடுத்துப் போவது சுலபம். எங்கள் ஓடையில் காய்ச்சியவர் கிரிக்ஸ் மாமா. வயதானதால் எல்லாருக்கும் மாமா. மரம் அடுக்கி வீடு நிமிர்த்துவதென்றாலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

வந்த கோடையில் மதுவிலக்குச் சங்கத்தார் தோப்பில் கூட்டம் போட்டார்கள். இனித் தொடமாட்டோம், யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு லெமுவேல் தொடவில்லை. தொடாமலிருப்பதே அவனுக்கு ஒரு வேலையாக இருந்தது. காலையில் எழுந்ததும் கோடாலியை எடுத்துக்கொண்டு போவான். கை ஓய்ந்தால் நினைப்பு வருமே என்று இருட்டும்வரை மரம் வெட்டுவான். செப்டம்பருக்குள் ஒரு வீட்டுக்கான மரம் சேர்ந்துவிட்டது.

தூக்கி அடுக்க ஊர் வேண்டும். ஊர் வந்தது. வந்ததும் கிரிக்ஸ் மாமா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஜாடி எங்கம்மா?"

"காப்பி இருக்கு மாமா. பூசணி அப்பம் சுட்டு வெச்சிருக்கேன். மான்கறி கொதிக்குது."

"காப்பியக் குடிச்சிட்டு மரம் தூக்க நாங்க என்ன பிரசங்கியாருங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். திர்சா சிரிக்கவில்லை. "நாங்க சத்தியம் பண்ணியிருக்கோம் மாமா."

"பண்ணுங்க, யார் வேணாம்னா? சத்தியத்துக்குக் கீழேயே படுத்துக்கங்க. மழைக்கு ஒழுகாது."

அப்பத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களுக்கு ஜாடி இல்லாத இடம் அவமானம் நடந்த இடம்.

அக்டோபர் முழுக்கத் திர்சாவும் லெமுவேலும் மூன்று பக்கம் மட்டும் மறைத்த கொட்டகையில் கிடந்தார்கள். திறந்த நாலாவது பக்கத்தில் நெருப்பு எரியும். காற்று திரும்பினால் புகையெல்லாம் உள்ளே. அவர்களுடைய இரண்டு வயது மகள் ரோக்ஸிக்கு இருமல் பிடித்தது. முதலில் காலையில் இருமினாள். பிறகு நாள் முழுக்க இருமினாள். ஒரு நாள் தண்ணீர் வாளியில் பனிக்கட்டி மிதந்தது. அன்று திர்சா, தாய்வீட்டிலிருந்து சுமந்து வந்த வாத்து இறகுத் தலையணை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிரிக்ஸ் மாமா வீட்டுக்குப் போனாள். ஒரு ஜாடியோடு திரும்பினாள்.

ஜாடியைப் புதரில் ஒளித்துவிட்டு லெமுவேலிடம் வந்தாள். விஷயத்தை மறைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வராங்க. வீடு நிமிர்த்தறோம். அன்னிக்கு நீங்க சோளத்த எடுத்துக்கிட்டு மில்லுக்குப் போயிடுங்க."

"என் வீட்ட நிமிர்த்தறப்ப நான் இருக்கக் கூடாதா?"

"ஜாடி இருக்கற இடத்துல நீங்க இருக்க வேணாம்."

அவன் ஒரு கட்டையை நெருப்புக்குள் தள்ளினான். குழந்தை இருமியது. "ஊரே சிரிக்கும் திர்சா."

"சிரிச்சிட்டுப் போகட்டும். கூரை வந்தா போதும்."

வெள்ளிக்கிழமை இருட்டோடு மாட்டைப் பூட்டிக்கொண்டு போனான். ஓடைத் துறையில் எதிரே வந்த ஆட்கள், "உன் வீட்டுக்கு நாங்க போறோம், நீ எங்கடா போற? பொண்டாட்டி துரத்திட்டாளா?" என்று கேட்டார்களாம். அவன் மாட்டை அதட்டிக்கொண்டே போய்விட்டான்.

இந்த முறை ஜாடி இருந்தது. மரங்கள் ஆடிப்பாடி ஏறின. எங்கள் வழக்கப்படி நாலு சுவரையும் இடைவெளி விடாமல் மூடித்தான் எழுப்புவார்கள்; கதவுக்கான வழியைக் கடைசியில் பெரிய ரம்பத்தால் அறுத்துத் திறப்பார்கள். மதியத்துக்குள் சுவர் முடிந்து, கூரையின் வடக்குப் பாதிக்குப் பலகையும் பரப்பியாகிவிட்டது.

அப்போது லெமுவேல் திரும்பி வந்தான். மில் சக்கரத்தில் பனி உறைந்துகிடந்ததாம். அரைக்காத மூட்டை வண்டியிலேயே இருந்தது.

"வீட்டுக்காரர் வந்துட்டார்டோய்!" கிரிக்ஸ் மாமா ஜாடியை நீட்டினார். "ஒரு வாய் உன்னோடது. அதுக்குத்தானே மிச்சம் வெச்சிருக்கோம்."

லெமுவேலின் கை பாதிவரை எழுந்ததைத் திர்சா பார்த்தாள். பிறகு அந்தக் கை பக்கத்திலிருந்தவனின் கோடாலியைப் பிடுங்கியது. மூலையில் நீட்டிக்கொண்டிருந்த மரநுனிகளில் கால் வைத்து மளமளவென்று மேலே ஏறிவிட்டான்.

ஏறியவன் இறங்கவில்லை. பலகை கேட்டு வாங்கிப் பரப்பினான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், பசியில்லை என்றான். சாயங்காலம் குளிர்காற்றில் பனிமழை விசிற ஆரம்பித்தது. பலகை தீர்ந்துபோய், தெற்குப் பக்கம் திறந்தபடியே கிடந்தது. மேலே வேலை இல்லை. அப்போதும் அவன் உச்சிக் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே ஜாடி இருந்தது.

"இறங்குடா லெம்! கோழி மாதிரி அங்கயே அடையப் போறியா?"

"ஜாடிய மேல எறியட்டுமா?"

"இறங்கறேன், இறங்கறேன்" என்றான். இறங்கவில்லை. கீழே பார்க்காமலிருக்க முகத்தைக் கட்டையில் வைத்து அழுத்திக்கொண்டான். ஜாடி தீராமல் எங்கள் ஆட்கள் கலைய மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், திர்சாவுக்கும் தெரியும். விரல்கள் விறைத்தால் அவன் விழுவான்; விழாவிட்டால் இறங்குவான். இறங்கினால் குடிப்பான்.

ரம்பத்தை இரண்டு பேர் சுவரருகே கொண்டுவந்தார்கள். கதவு அறுக்க அரைமணி நேரம் ஆகும். திர்சா மேலே பார்த்தாள். அவன் அரைமணி நேரம் தாங்க மாட்டான்.

கிரிக்ஸ் மாமாவின் முழங்காலருகே இருந்த ஜாடியைத் தூக்கி நெருப்பில் கவிழ்த்தாள். நீலமாக ஒரு ஆள் உயரத்துக்கு எரிந்து அடங்கியது.

கிரிக்ஸ் மாமா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "நீயே வாங்கிக் குடுத்துட்டு நீயே கொட்டறியா? சரிம்மா. வீடு நிக்குது. உள்ள போற வழிய உங்க சங்கத்தையே கேட்டுக்க."

ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சுக்குரல் தேய்ந்த பிறகுதான் லெமுவேல் இறங்கினான்.

பனிமழையில் கொட்டகை நெருப்பு சீறிச்சீறி அணைந்துகொண்டிருந்தது. எதிரே கதவோ ஜன்னலோ இல்லாத புது வீடு. இனிக் கோடாலியால் வெட்டித் திறக்க எவ்வளவு நேரமாகுமோ! லெமுவேல் குழந்தையைப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு மறுபடியும் சுவரேறினான். திறந்த கூரை வழியாக உள்ளே இறங்கினான். திர்சா சட்டியில் தணல் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். கூரை மூடாத பக்கம் புகை போக, மூடிய பக்கத்து மண்தரையில் மூவரும் ஒடுங்கிக்கிடந்தார்கள். மறுநாள் அவன் உள்ளிருந்தே வெட்டத் தொடங்கினான். மார்பளவு உயரம் வந்ததும் கைகள் ஓய்ந்துபோயின; வாசல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

ரோக்ஸி பிழைத்தாள். பிப்ரவரியில் சங்கத்திலிருந்து எப்சிபா லோரிங் அம்மாள் வந்தார். குனிந்து நுழைந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெருப்பருகே காப்பி குடித்தார்.

"சகோதரி விட்கம், நீங்க ஊருக்கே சாராயம் குடுத்திருக்கீங்க. சங்கத்துப் பட்டியல்லேருந்து உங்க பேர எடுத்தாகணும். எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"அவர் பேரு?"

"அவர்தான் குடிக்கலியே. அவர் பேரு இருக்கும்."

"அப்ப சரி. இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமா? கூரைக்குக் கீழ உக்காந்து குடிக்கறது நல்லாத்தானே இருக்கு."

பனி கரைந்தபின் கிரிக்ஸ் மாமா ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது.

"ஏன்டா லெம், கோழிக்கூட்டு வாசல வெச்சிக்கிட்டு? நான் அறுத்துத் தரேன். கூலி எதுவும் வேணாம், ரெண்டு பேருமா ஒரு வாய் போட்டுட்டு ஆரம்பிப்போம்." இடுப்பிலிருந்த சின்னக் குடுவையைத் தட்டிக் காட்டினார்.

லெமுவேல் அந்தக் குடுவையையே பார்த்தான். "குனிஞ்சு பழகிடுச்சு மாமா" என்றான்.

கிரிக்ஸ் மாமா பாடிக்கொண்டே திரும்பி நடந்தார். உள்ளே வந்த லெமுவேலுக்கு வேர்த்திருந்தது. "கட்டையைப் போடு" என்று திர்சாவிடம் சொன்னான். அவள் கதவுக்குக் குறுக்கே கட்டையைப் போட்டாள். "நீ அதுல சாஞ்சு உக்காரு. நான் எழுந்து வந்தாலும் நகராத." அவள் முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தாள். ஓடைத் திருப்பத்துக்கு அப்பால் கிரிக்ஸ் மாமாவின் பாட்டு கேட்காமல் போகும்வரை அவன் இரண்டு முறை எழுந்து வந்தான். அவள் நகரவில்லை.