லவங்கப்பட்டையும் குளிர்காலப் புகையும்

தில்லியில் நவம்பர் பிறந்துவிட்டால் போதும், லோதி ரோடு ஆபீஸின் பின்பக்கச் சுவர் எனக்கு ஞாபகத்துக்கு வந்துவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மொத்த ஆபீஸும் வெயில் காய வெளியே வரும். முன்பக்கப் புல்வெளியில் வேர்க்கடலையும் ஆரஞ்சும் உரித்துக்கொண்டு பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிகரெட் கோஷ்டியான நாங்கள் பின்பக்கச் சுவரோரம். முதுகில் செங்கல்லின் சூடு, ஒரு கையில் இஞ்சி டீ, இன்னொரு கையில் அது. குளிரில் அந்த முதல் இழுப்பு இருக்கிறதே, அதை இன்றைக்கும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. விட்டவன் எல்லாம் விட்டதைத் திட்ட வேண்டும் என்று என்ன சட்டமா இருக்கிறது?

சுவரோரத்தில் எனக்குப் பக்கத்து இடம் தென்காசிக்காரருடையது. வேறு செக்‌ஷன், ஆனால் என் வயது, என் சம்பளம், என் பிராண்ட். நான் மன்னார்குடி. தில்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இந்தி தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. ஆனால் அவர் 'வே' போடுவதை விடவில்லை, நான் 'யோவ்' போடுவதை விடவில்லை. அவர் பேசுவது தமிழே இல்லை என்று நானும், நான் பேசுவது ராகம் என்று அவரும் சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஒன்று பற்றவைப்போம்.

எல்லாம் ஒரு தீபாவளி வரைக்கும்தான். அந்த வருஷம் என் மகளுக்கு ஐந்தாம் மாசம். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். தீபாவளிக்கு மறுநாள் போன் செய்தாள்.

"அப்பா, வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்கு அங்கதான் வரணும்னு ஆசை. ஆனா நம்ம வீட்டு சோபா, கர்ட்டன், உன் சட்டை, எல்லாத்துலயும் அந்த நாத்தம். எனக்கு இப்போ கடுகு தாளிச்சாலே குமட்டுது. நீ நிஜமா விட்டேன்னா வரேன். இல்லேன்னா இங்கயே பெத்துக்கறேன். போன தடவை மாதிரி பொய் சொல்லாதே."

அச்சா, அச்சா என்று சமாதானமாகச் சொல்லி போனை வைத்தேன். என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவள் எழுந்து போய் வீட்டிலிருந்த கர்ட்டன்களை எல்லாம் கழற்றி ஊறவைத்தாள். ஊரிலிருந்து பழைய வேட்டிகளை வரவழைத்து, குழந்தைக்குத் துணியாகக் கிழித்து ஏற்கெனவே அலமாரியில் அடுக்கியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வராமல் மாமியார் வீட்டில் கிடந்தால் அவள் யார் முகத்தில் விழிப்பாள்? எனக்கு மட்டும் என்ன, மகள் வாசலில் வந்து இறங்கவேண்டும் என்று இல்லையா?

மறுநாள் சுவரோரம் தென்காசிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டம்மாவும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. கையிலிருந்ததை முழுசாக முடித்துவிட்டுக் காலால் நசுக்கினார்.

"நீரு ஒத்தையில விட்டீர்னா நாலு நாள் தாங்க மாட்டீரு வே. நானும் விடுதேன்."

"உமக்கு எதுக்குய்யா இந்தத் தலையெழுத்து?"

"சுவத்தோரம் நான் மட்டும் நின்னு ஊதிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து முன்பக்கப் புல்வெளிக்குக் குடிமாறினோம். வேர்க்கடலைக் கோஷ்டிக்கு ஒரே கொண்டாட்டம். மதராஸிகள் சாமியாராகிவிட்டார்கள் என்று சிரித்தார்கள். அந்த மாசம் தில்லி முழுக்கப் புகைமூட்டம் வேறு. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, ஊரே ஊதிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் உத்தமர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பைலைப் பார்த்தால் கோபம், லிஃப்ட் தாமதமானால் கோபம், மெட்ரோவில் பக்கத்தில் நிற்பவன் மூச்சு விட்டால் கோபம். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பும். அந்தக் கையைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். குரலே சரியில்லை. நான் எரிச்சலில் இருந்தேன். என்ன சாப்பாடு என்று ஒப்புக்குக் கேட்டேன். சொதி என்றார். "சொதியா? தேங்காய்ப்பால்ல காய்கறியைக் குளிப்பாட்டி எடுப்பீங்களே, அதுவா?" என்றேன். பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர் சாம்பார், எங்கள் காவிரி, காவிரியில் தண்ணீர் வராத மாசங்கள், எங்கள் ஜனங்களின் நாக்கு நீளம் என்று ஒன்றையும் விடவில்லை. நானும் சளைக்கவில்லை. போனை வைக்கிற நேரத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்.

"வே, போயிட்டு."

"எது?"

"எதுக்காக உமக்குப் போன் போட்டேனோ, அது."

அதற்கப்புறம் அதுவே எங்கள் வைத்தியம். ஆசை வந்தவன் கூப்பிட வேண்டும், சிகரெட் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. எடுத்தவன் நலம் விசாரிக்காமல் நேராகச் சண்டையை ஆரம்பிக்க வேண்டும். எத்தனை சண்டை! அவர் ஊர் உளுந்தஞ்சோறு, எங்கள் ஊரில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா, குற்றாலச் சாரல், யார் ஊரில் கொசு அதிகம் என்பது வரை. என் மனைவி இந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து ஒரு லவங்கப்பட்டைத் துண்டை நீட்டினாள். வாய் சும்மா இருக்கக்கூடாது, இதைக் கடியுங்கள் என்றாள். சுருட்டிய பட்டை, விரல் நீளம். இரண்டு விரலுக்கு நடுவே அது அம்சமாக உட்கார்ந்துகொண்டது. காலையில் துவாரகா வீட்டு பால்கனியில் அதை வைத்துக்கொண்டு நிற்பேன். மார்கழிக் குளிரில் மூச்சு விட்டால் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வரும். சத்தியமாகச் சொல்கிறேன், பாதி சுகம் அதிலேயே கிடைத்தது.

அங்கேதான் வினை வந்தது. ஒருநாள் காலையில் பால்கனியில் நிற்கும்போது சம்பந்தியம்மா வீடியோ காலில் வந்தார். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லத்தான் கூப்பிட்டது. ரொம்ப சந்தோஷம் என்று பட்டையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சுருக்கமாக முடித்து வைத்துவிட்டார். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகள் கூப்பிட்டிருக்கிறாள். "அத்தை கண்ணால பாத்தாங்களாம்மா. ரெண்டு விரல்ல வெச்சுக்கிட்டு வாய் நிறைய புகை விட்டாராம். பிரசவம் இங்கயேன்னு அத்தை சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்" என்றாளாம். என் மனைவி பட்டையைச் சொன்னாள், குளிரைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண் எதையும் நம்பவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாளும் சம்பந்தியம்மா கண்ணில் படவில்லை, விட்ட பிறகு மாட்டிக்கொண்டேனா? பழிதான் வந்தாயிற்றே, இனி எதற்காகப் பல்லைக் கடிப்பது? செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சொசைட்டி கேட்டுக்கு வெளியே இருக்கிற பான் கடைக்குப் போனேன். "பையா, ஏக் தேனா." பழைய பிராண்டை அவன் மறக்காமல் எடுத்துக் கொடுத்தான். கடைத் தூணில் கயிற்றின் நுனி கங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தால் பற்றிக்கொள்ளும். குனிவதற்கு முன்னால் என்னவோ தோன்றி அவரைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கொட்டினேன். கையில் இருப்பதையும் சொன்னேன்.

வழக்கம்போலச் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

"பத்த வையும்" என்றார் நிதானமாக.

"என்னய்யா சொல்றீர்?"

"பத்த வையும்ங்கேன். இப்ப உம்ம சம்பந்தியம்மா சொன்னது பொய். நீரு பத்த வச்ச நிமிஷம் அது நெசமாயிரும். அந்தப் புண்ணியத்தை ஏன் விடுதீரு?"

என்னால் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும், நான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னவர் பக்கம் நியாயம் போவதை மட்டும் பொறுக்க முடியாது. என் குணம் அந்த மனுஷருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிகரெட்டைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

"காலையில வாறேன். எல்லாரும் பால்கனியில நில்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் தென்காசிக்காரர்.

விடிந்தும் விடியாமலும் மெட்ரோ பிடித்து, குரங்குக் குல்லாயோடு வந்து நின்றார். மூடுபனியில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. என்னிடம் நம்பர் வாங்கி, அவரே தன் போனிலிருந்து சம்பந்தியம்மாவை வீடியோவில் கூப்பிட்டார். முன்பின் தெரியாத ஆள் என்பதால் அந்தம்மாள் மிரண்டுபோய் எடுத்தார்.

"அம்மா, வணக்கம். உங்க சம்பந்தியோட சிநேகிதன் நான். பாத்துக்கிடுங்க" என்று வெறுங்கைகளை விரித்துக் காட்டி, ஹா என்று ஒரு மூச்சு விட்டார். வாய் நிறையப் புகை. அடுத்து நான். பட்டையைக் கடித்து மென்று காட்டிவிட்டு மூச்சை விட்டேன். கடைசியாக என் மனைவியைப் பிடித்து முன்னால் தள்ளினார். குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குங்குமம் வைத்துக்கொண்டிருந்தவள். வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். எங்கள் இரண்டு பேரை விடவும் பெரிய புகையாக வந்தது.

அந்தம்மாள் போனை மூக்கருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏனுங், ஊட்டிக்குப் போனா இப்படி வரும்னு தெரியுமுங்க. ஊட்டுக்குள்ள நின்னுட்டே வரும்னு நான் என்னத்தைக் கண்டனுங்? தப்பா நெனைச்சுக்காதீங்க." பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "கண்ணு, இங்க வா. உங்கம்மாளும் ஊதறாங்க பாரு."

மகளின் முகம் திரையில் வந்தது. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "வளைகாப்பு முடிஞ்சதும் டிக்கெட் போடுப்பா" என்றாள்.

மாசி மாசம் அவளை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். வந்தவள் என் தோளில் முகத்தைப் புதைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். சோதனை போடுகிறாள் என்று தெரிந்து நானும் விறைப்பாக நின்றேன், தேறிவிடுவேன் என்ற திமிரோடு. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, உன் வாசனையே இல்லையே."

"அதுதானே நீ கேட்டது?"

"ஆமா, நான்தான் கேட்டேன். சின்ன வயசுல நாம இருந்த மோதி பாக் வீட்டுல நான் போர்வைக்குள்ள படுத்திருப்பேன். நீ ஆபீஸ்லேந்து வந்து கதவைத் திறந்ததும் அந்த நாத்தம் வரும். கண்ணைத் திறக்காமயே அப்பா வந்தாச்சுன்னு நினைச்சுப்பேன்."

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் மறுபடி குனிந்து என் ஸ்வெட்டரை மோந்தாள். "பிரியாணி மாதிரி இருக்கே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சட்டைப்பையில் பட்டை இருந்தது.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். எங்கள் கர்ட்டன்களுக்கு நடுவில், என் மனைவி கிழித்துவைத்த வேட்டித் துணியில் வளர்ந்தாள். அதே கோடையில் தென்காசிக்காரர் ரிட்டயராகி ஊரோடு போய்ச் சேர்ந்தார். அடுத்து நானும் ரிட்டயரானேன். இப்போதெல்லாம் எனக்கு ஆசை அவ்வளவாக வருவதில்லை. ஆனாலும் சில நாட்களில் வந்ததாகச் சொல்லி அவரைக் கூப்பிடுவேன். சொதியை இழுப்பேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை குறைக்காமல் திட்டுவார்.

இந்த மார்கழியில் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்கு இப்போது வாய் ஓயாத வயது. காலையில் அவளைப் போர்வையில் சுருட்டி பால்கனியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்து அவள் சப்பிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தென்காசிக்காரர். வீடியோவில் ஆள் இளைத்திருந்தார். முந்தின மாசம்தான் அவர் வீட்டம்மா தவறிப்போயிருந்தார். வீட்டில் இப்போது அவர் ஒருத்தர்தான்.

விதிப்படி நான் உடனே ஆரம்பித்தேன். குற்றாலத்தில் தண்ணீர் இருக்கிறதா, இல்லை குழாயில் பிடித்து ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

"மனசு ரொம்பக் கேக்கு வே" என்றார். "காலையிலேருந்து. கடை வாசல்ல நிக்கேன்."

இத்தனை வருஷம் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட வாய், அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. நான் முழிப்பதைப் பார்த்துப் பேத்தி போனைத் தன் பக்கம் இழுத்து, திரையில் முகத்தை ஒட்டி, ஹா என்று ஊதினாள். வெள்ளையாக ஆவி வந்து திரையை மூடியது. அவளுக்கு அது விளையாட்டு.

அவர் முகம் மங்கி, மெல்லத் தெளிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கன வாயைத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு வே" என்றார். "பிள்ளைகிட்டச் சொல்லும். எனக்கும் சேத்து ஒண்ணு விடட்டும்."

சொன்னேன். அவள் கன்னத்தை உப்பி, கண்ணை மூடி, பலம் கொண்டமட்டும் விட்டாள். அந்தப் பக்கம் அவரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் தன் வீட்டுக் கதவைத் திறக்கும் வரைக்கும் போனிலேயே நான் அவர் ஊர்ச் சொதியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.