மேற்கில் இருந்தவருக்குக் கால் நோவு

புலம்பெயர்ந்த எங்கள் ஊராட்களின் சங்கத்துக்குத் தலைவராகிவிட வேண்டும் என்று அப்பா துடித்த வருடம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஸ்காபுரோவில் இரண்டு வேலை செய்துகொண்டு, படியேறும்போது நெஞ்சைத் தடவிக்கொள்கிற மனிதருக்கு இந்தப் பதவி எதற்கு என்று கேட்டுக் கேட்டு அம்மா அலுத்துப்போயிருந்தார். டொக்டரிடம் போகச் சொன்னால், தலைவர் தெரிவு முடியட்டும் என்பார் அப்பா.

அவருடைய பலமெல்லாம் மேற்கே, மிசிசாகாவில் இருந்தது. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அங்கே இருந்தார். ஊராட்கள் பாதிப்பேருக்குத் தொழிற்சாலை வேலை எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். மாமா இரண்டு வான் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினால் அப்பா தலைவர், வராவிட்டால் இல்லை.

தெரிவுக் கூட்டத்தன்று மத்தியானம் மாமா போன் எடுத்தார். காலை ஊன்ற முடியாத நோவாம்; அவர் வராததால் மற்றவர்களும் வரமாட்டார்களாம். அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு தனியே போனார். நாலரைக்குத் தோற்றுத் திரும்பினார்.

நான் சாப்பாட்டு மேசையில் மங்கோலியப் பேரரசின் வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். அப்பாவைச் சிரிக்கவைக்கலாம் என்று, சும்மா இருக்காமல் தொடங்கினேன்.

"அப்பா, பெரிய கான் எண்ட ராசா இருந்தது கிழக்கில. ஆனா புல்லு, குதிரை, ஆக்கள் எல்லாம் மேற்குப் புல்வெளியில. அங்க இருந்த செங்கிஸ்கானின்ர பேரன் வராட்டி, கானைத் தெரிவுசெய்யிற கூட்டமே இழுபடும். ஒருக்கா அவனும் கால் நோகுது எண்டு வரேல்லை!"

அப்பா சிரிக்கவில்லை. "மெய்யாவே நோவோ?"

"இல்லை, சும்மா சொன்ன சாட்டாம். பிறகொருக்கா குடும்பத்துக்குள்ளேயே ஒரு பொம்பிளை அவனுக்கு ரகசியமாச் செய்தி அனுப்பினவவாம்."

சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அன்று காலை அவர் போன் வயரைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியதை அப்பாவும் கண்டிருக்கவேண்டும். மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஓம், நான்தான் அண்ணையை வரவேண்டாம் எண்டனான்," என்றார் அம்மா. "நீங்கள் தலைவரா இருந்து செத்துப்போனா நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

அடிவிழப்போகிறது, தட்டு உடையப்போகிறது என்று நான் வரைபடத்தை அவசரமாகச் சுருட்டினேன். அப்பா கதிரையில் இருந்தபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாளைக்கே டொக்டரிடம் போவதாக அம்மாவிடம் சொன்னார். பதவி போன துக்கம்தான் என்று நினைத்து நான் அவர் முதுகைத் தடவிவிட்டேன்.

"அழாதேங்கோ அப்பா. அடுத்தமுறை மாமா கட்டாயம் வருவார்."