பானா சிலுஃப்யா கேட்ட சாவுக் கூலி

இணையப் பக்கங்கள் செய்யும் எங்கள் கிட்வே நகர அலுவலகத்தில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோபத்தை ஆறவிடாமல் மூன்று மாதம் காத்து வைத்திருக்கத் தெரிந்தவர் கசொண்டே ஒருவர்தான். மூத்த மகள் பெயரைச் சேர்த்து எல்லோரும் அவரை பானா சிலுஃப்யா, அதாவது சிலுஃப்யாவின் அம்மா, என்போம்.

அவர் அப்பா சுரங்கத்தில் வேலை போனவர். பத்தொன்பது வயதில் கசொண்டே சந்தைக்கு அருகே ஓர் இணைய மையத்தில் நேரம் குறிக்கிற வேலைக்குப் போய், வந்தவர்களின் திரையை எட்டிப் பார்த்தே இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டார். கணவர் இறந்தபோது கையில் மூன்று பிள்ளைகள். அப்புறம்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சிச்சோனே என்பவரின் பேருந்துகளுக்குப் பயணச்சீட்டுப் பக்கம் செய்தார். மொத்தம் நான்கே கோப்புகள். அந்தப் பக்கம் ஏழு வருடம் ஒருநாளும் படுக்கவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'உருவாக்கியவர்: கசொண்டே சிபாலே' என்றிருக்கும். பேருந்தில் எல்லையூர் நக்கோண்டே போகிற சனமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறது.

பிறகு ஜோகன்னஸ்பர்கிலிருந்து ஜெரே தலைவராக வந்து சேர்ந்தான். அவன் ங்கோனி இனம், கசொண்டே பெம்பா இனம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. ஒருவரையொருவர் சிம்புயா என்று கூப்பிட்டு, பெம்பாவைக் குரங்கு தின்னி, ங்கோனியை எலி தின்னி என்று வாய்க்கு வந்தபடி வையலாம், வயது பார்க்காமல் நீ, வா, போ என்னலாம். கோபித்துக்கொண்டால்தான் குற்றம்.

ஜெரே ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஏழு மெய்நிகர் கணினிகளைக் குடிவைத்தான். ஒன்று இருக்கை தரும், ஒன்று பணம் வாங்கும், ஒன்று படம் காட்டும். கடைசி இரண்டும் என்ன செய்தன என்று அவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற இணையத்திலிருந்து ஆயிரத்து நானூறு மென்பொருள் பொதிகள் இறங்க வேண்டும். அதுவரை அவன் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடிப்பான்.

ஏழும் ஒன்றையொன்று எண் சொல்லித்தான் கூப்பிடும். முதலில் விழிப்பதற்கு முதல் எண், அடுத்ததற்கு அடுத்த எண். எந்த வேலைக்கு எந்த எண் என்பதை ஜெரே நிரலுக்குள் கையாலேயே எழுதிவைத்திருந்தான். கசொண்டே அதை முதல் நாளே பார்த்துவிட்டார். மின்சாரம் போய்வந்தால் விழிக்கும் வரிசை மாறும், எண்ணும் மாறும், நிரந்தர எண் கொடு என்று கூட்டத்தில் சொன்னார்.

"குரங்கு தின்னிக்கு ஒத்த மரந்தான் தெரியும், சிம்புயா. இது காடு" என்றான் ஜெரே.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்தின் அடியிலிருந்த பெயரையும் அழித்துவிட்டான். சிச்சோனே புதியதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டதும் கசொண்டேயின் வேலையும், தொலைபேசி எடுக்கும் என் வேலையும் முடிந்தன என்று அங்கேயே சொன்னான்.

"சிரி, சிம்புயா. முறைதானே?" என்றான்.

கசொண்டே சிரித்தார். மேசைக்கு அடியில் அவர் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. இரண்டு நாள் வலித்தது. மதியம் ந்ஷிமாக் களியைப் பிசைந்துகொண்டே என்னிடம், "ஒரு தடவ சொல்லிட்டேன். இனி அவனே வந்து கேக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

கையெழுத்தாகும்வரை பழைய பக்கம் இருக்கட்டும் என்று சிச்சோனே சொல்லியிருந்ததால், அது கசொண்டேயின் மடிக்கணினியில் உயிரோடிருந்தது. புதியது விற்ற இருக்கைகளை அவ்வப்போது அதில் ஏற்றிவந்தார். மின்வெட்டு தினமும் உண்டு. ஆனால் ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கிவிடும், ஏழு கணினிகளும் ஒருநாளும் கண்மூடியதில்லை.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவைப்பதும் என் வேலை. மூன்று மாதம் கழித்து வந்த கையெழுத்து நாளன்று மறந்துவிட்டேன். மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. சிச்சோனே வந்து உட்கார்ந்திருந்தார், காகிதம் மேசைமேல். ஜெரே என்னை விரட்டினான். நான் தூரத்துப் பெட்ரோல் பங்க்குக்கு, அதுவும் நடந்தே போனேன். முக்கால் மணி நேரம் கழித்து ஜெனரேட்டர் ஓடியது. ஏழும் விழித்தன, வேறு வரிசையில்.

இருக்கை கேட்டவர்களுக்குப் பேருந்தின் படம் வந்தது. பணம் கட்டப் போனவர்களுக்கு இன்னோர் இருக்கை வந்தது. பேருந்து நிலையத்தில் வரிசை வாசல்வரை நிற்பதாகச் சிச்சோனேவுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. ஜெரே எண்களைத் திருத்தினான். திருத்தியதை ஓடவைக்க ஆயிரத்து நானூறு பொதிகளும் மறுபடி இறங்கத் தொடங்கின. அவன் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டதை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

கடைசியில் கசொண்டேயிடம் வந்து குனிந்து, "உன் பழையதைத் திறந்து விடேன்" என்றான்.

கசொண்டே எழுந்து போய், கணினி அறை வாசலில் குறுக்காகத் தரையில் படுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சாவு வீடுகளில் பார்த்ததுதான். செத்தவரின் சிம்புயா குழிக்குள் படுத்துக்கொள்வார். கேட்ட கூலியைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார், பிணம் காத்திருக்கும். அதற்கும் யாரும் கோபிக்கக் கூடாது.

"உன் ஏழு எலியும் பொந்து மாறிச் செத்துப்போச்சு, எலி தின்னி" என்றார் மல்லாந்தபடியே. "கூலி குடுக்காம பொணத்த எடுக்க விடமாட்டேன்."

சிச்சோனே தொப்பை குலுங்கச் சிரித்தார். என்ன கூலி என்று ஜெரே கேட்டான்.

"எம் பேரு. இருந்த எடத்துல. உங்கையால."

அவன் பொதிகள் இறங்குவதைத் திரும்பிப் பார்த்தான். பாதிகூட வரவில்லை. கசொண்டேயின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மடிக்கணினியில், அவர் கோப்பின் கடைசி வரியில் அவர் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கசொண்டே எழுந்து வந்து இணைய முகவரியைப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். நிலையத்தில் சீட்டு வரத் தொடங்கியது.

சிச்சோனே கையெழுத்துப் போடாமலே காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரையின் அடியைச் சுட்டி, "யாருப்பா இது?" என்று ஜெரேயைக் கேட்டார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார், குசும்பு.

"இவங்கதான்" என்றான் ஜெரே.

கசொண்டே இரும்புப் பெட்டியின் மின்கம்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அடக்கம் செய்வது சொந்தக்காரன் வேலை. அவன் பிடுங்கினான். ஏழு விளக்குகளும் அணைந்தன.

"சிரி, சிம்புயா" என்றார் கசொண்டே. "முறைதானே?"

அவன் சிரிக்கும்வரை அவர் நகரவில்லை.